பொனபார்ட்ஸ் ரிட்ரீட்: கென்டக்கிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

லெக்சிங்டனில் குடியேறியிருக்கும் தம்பிக்கு வணக்கம். பக்கத்து வீட்டுத் திண்ணையில் வார இறுதிகளில் ஃபிடிலும் (நாட்டார் இசையில் வயலினுக்கு வழங்கும் பெயர்) பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமுமாகக் கூடுபவர்கள் ‘பொனபார்ட்ஸ் ரிட்ரீட்’ என்றொரு மெட்டை விரும்பி வாசிக்கிறார்கள் என்றும், நெப்போலியன் பின்வாங்கியதற்கும் இந்த மலைநாட்டுக்கும் என்ன தொடர்பு என்றும், கர்நாடக வயலின் கற்ற நீங்கள் அவர்களோடு அமர்ந்து வாசிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அமரலாம். ஆனால் போகும்முன் வில்லியம் ஸ்டெப் என்ற கென்டக்கி ஃபிடில்காரரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் இங்குள்ள ஃபிடில்காரர்கள் ஒரு மெட்டைப் பற்றிப் பேசும்போது அது யாருடைய வாசிப்பு என்பதையும் சேர்த்தே பேசுவார்கள்.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் பாடல்களில் நெப்போலியனுக்குத் தனி இடம் உண்டு. ஆங்கில ஆட்சியை வெறுத்த அயர்லாந்துக்காரர்கள் பலர் அவரை மீட்பராகவே எதிர்பார்த்தார்கள். அவர் பெயர் தாங்கிய மெட்டுகள் அங்கிருந்து குடியேறியவர்கள் வழியாக அப்பலேச்சிய மலைகளிலும் வேரூன்றின. அயர்லாந்தின் ‘ஈகிள்ஸ் விசில்’ என்னும் பழைய அணிவகுப்பு மெட்டுக்கும் இதற்கும் உறவு உண்டு என்று இசை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜார்ஜியாவைச் சேர்ந்த ஏ. ஏ. கிரே 1924-லேயே அட்லாண்டாவில் இதை இசைத்தட்டுக்கு வாசித்திருக்கிறார்.

எனினும் இன்று உலகமே அறிந்திருப்பது கென்டக்கி வாசிப்பைத்தான். நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து மவுண்டன் பார்க்வே வழியாகக் கிழக்கே போனால் சேலியர்ஸ்வில் என்ற சிற்றூர் வரும். 1937 அக்டோபரில், அமெரிக்காவின் தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்காக நாட்டார் இசையைச் சேகரித்து வந்த 22 வயது ஆலன் லோமாக்ஸ், தம் மனைவி எலிசபெத்துடன் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு அங்கே போய், அறுபதைக் கடந்த ஸ்டெப்பின் வாசிப்பைப் பதிவு செய்தார். மற்றவர்கள் அணிவகுப்பு நடையில் நிதானமாக வாசித்துவந்த மெட்டை ஸ்டெப் நடனத்துக்குரிய துரித காலத்துக்கு மாற்றியிருந்தார். வில் ஒரு கணமும் ஓய்வதில்லை. மெட்டு ஒரு தந்தியில் ஓட, பக்கத்துத் தந்தி இடைவிடாமல் கூடவே முழங்குகிறது.

அந்த முழக்கத்தின் மூலம் சுருதி சேர்ப்பில் இருக்கிறது. ஃபிடிலின் வழக்கமான ஜி, டி, ஏ, இ என்ற அமைப்பை விட்டு, கனமான தந்தியையும் மெல்லிய தந்தியையும் டி-க்கு இறக்கிவிடுகிறார்கள். இவை மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்; டி-யை நம் ஷட்ஜமாக, அதாவது ஸா-வாகக் கொண்டால், கிடைப்பது மந்திர ஸா, மத்திய ஸா, பா, மேல் ஸா. ஸா-பா-ஸா-பா என்று சேர்த்தே பழகிய உங்களுக்கு இது அந்நியமாக இராது. உங்கள் வயலினில் ஒருமுறை இப்படிச் சேர்த்து, தளர்ந்த மந்திரத் தந்தியை வில்லால் இழுத்துப் பாருங்கள். நம் தம்புரா நினைவுக்கு வரும்.

ஸ்டெப்பின் பதிவை இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்ட் சீகர் கேட்டுக் கேட்டு மிக நுணுக்கமாக இசைக்குறியீட்டில் எழுதினார்; அது 1941-இல் லோமாக்ஸ் குடும்பத்தாரின் பாடல் தொகுப்பில் அச்சானது. மறு ஆண்டே, ஆக்னஸ் டி மில் அமைத்த ‘ரோடியோ’ பாலே நடனத்துக்கு இசையமைத்த ஏரன் கோப்லண்ட், அதன் இறுதிப் பகுதியான ‘ஹோடவுன்’ இசையை ஏறத்தாழ ஸ்டெப் வாசித்த ஸ்வரங்களைக் கொண்டே எழுதினார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்ரா அரங்கில் ஒலித்த அந்த இசையை 1972-இல் ஒரு பிரிட்டிஷ் ராக் குழு எடுத்துக்கொண்டது. 1990-களில் மாட்டிறைச்சி விளம்பரமாகத் தொலைக்காட்சி வழியே வீடுதோறும் நுழைந்தது. நாடே முணுமுணுக்கும் மெட்டை வாசித்தவரின் பெயரை நாட்டில் பெரும்பாலோர் அறியாமலிருப்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. அந்தப் பதிவைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்ப்பதாக 2016-இல் அறிவித்தார்கள் என்பது ஓரளவு ஆறுதல். ஸ்டெப் 1957-இலேயே காலமாகிவிட்டார்.

ஆகவே முதலில் ஸ்டெப்பின் பதிவைக் கேளுங்கள், கோப்லண்டை அப்புறம் கேட்கலாம். திண்ணைக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் காத்திருக்கும் வழக்கம் இல்லை. எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்தே, திரும்பத் திரும்பச் சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். கற்பனையாக ஸ்வரம் கோக்கும் கல்பனா ஸ்வரத்துக்கு அங்கே இடமில்லை, ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தையும் சற்று அடக்கி வையுங்கள். தெரியாத மெட்டு வந்தால் வட்டத்துக்கு வெளியே அமர்ந்து மெல்லிய ஒலியில் தொட்டுப் பழகலாம், யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். மேற்சொன்ன மெட்டுக்காகச் சுருதியை மாற்ற நேரம் பிடிக்கும் என்பதால் சிலர் இரண்டாவது ஃபிடில் ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள்; உங்களிடம் ஒன்றுதான் என்றால் அவர்கள் மாற்றும்போதே நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள். மெட்டைத் தொடங்கியவரின் காலைக் கவனியுங்கள். அவர் ஒரு காலைத் தூக்கினால் அந்தச் சுற்றோடு நிறுத்தவேண்டும்.