ரோலை முடிக்க எடுத்த படங்கள்: ஃபிலிம், இன்ஸ்டன்ட் கேமரா கேள்வி பதில்

திருச்சியில் என் வீட்டு மாடியில் பதினோரு வருடமாக ஃபிலிம் கழுவிக்கொண்டிருக்கிறேன். எடுத்த கையோடு தாளில் படம் தரும் இன்ஸ்டன்ட் கேமரா கைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கல்லூரி மாணவி, கோவை: அக்கா, இன்ஸ்டாக்ஸ் மினி என்ற இன்ஸ்டன்ட் கேமரா பிறந்தநாள் பரிசாக வந்தது. முதல் பத்துத் தாளும் தோழிகளோடு செல்ஃபியில் தீர்ந்துவிட்டது. அடுத்த பெட்டி வாங்க யோசனையாக இருக்கிறது. எதைத்தான் எடுப்பது?

தோழிகளோடு தீர்த்ததில் தப்பே இல்லைம்மா. அந்தப் பத்தையும் பத்திரமாக வைத்துக்கொள். இரண்டாவது பெட்டி வந்ததும் ஒரு நாள் வீட்டைச் சுற்றிப் பார். யாரும் கவனிக்காமலே காணாமல் போகப்போகிற பொருள் எது என்று தேடு.

எங்கள் வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவரில் பால்காரர் கரித்துண்டால் கோடு போடுவார். ஒரு நாளுக்கு ஒரு கோடு, பால் வாங்காத நாளுக்கு ஒரு சுழி. மாதக் கடைசியில் அம்மா எண்ணிப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்துவிடுவார். அந்த இடம் மட்டும் எப்போதும் சாம்பல் பூத்திருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம் என்று பேச்சு வந்தபோது அதை எடுத்துவிட நினைத்தேன். முதல் தாள் வீணானது. ஒரு அடி தூரத்தில் நேராக நின்று எடுத்ததில் கோடுகள் கலங்கி, ஃபிளாஷ் பட்டுச் சுவர் முழுக்க வெளுத்துவிட்டது. என்னுடைய மினியில் சாதாரண நிலையில் குறைந்தது 60 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டடி, தள்ளி நிற்க வேண்டும். அடுத்த தாளுக்குத் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்றேன். இருபத்தாறு கோடும் இரண்டு சுழியும் தெளிவாக விழுந்தன.

அம்மா படத்தைக் கையில் வாங்கியதும், "அந்த ரெண்டு நாள் நாம எங்க போனோம்?" என்று கேட்டார். சாயங்காலம் முழுக்க யோசித்துக் கண்டுபிடித்தோம்: சித்தி மகள் வளைகாப்பு. வளைகாப்பில் எடுத்த படங்கள் யாருடைய ஃபோனிலோ இருக்கின்றன. எங்கள் வீட்டில் அந்த வளைகாப்பின் நினைவாக இருப்பது இரண்டு கரிச்சுழிகள்தான்.

ஐடி ஊழியர், பெங்களூரு: ஃபோனில் ஒரு ஃபில்டர் போட்டால் இதே நிறம் இலவசமாக வருகிறதே?

நிறம் வரும், அதை மறுக்க மாட்டேன். நிறத்துக்காக மட்டும் என்றால் ஃபோனே போதும். ஆனால் இன்ஸ்டன்ட் தாளுக்கு நெகட்டிவ் கிடையாது. உலகத்தில் ஒன்றே ஒன்று. அதை ஒருவரிடம் கொடுத்துவிட்டால் உங்களிடம் இருக்காது. ஃபோனில் அனுப்பும் படத்தில் இந்தக் கொடுத்தல் நடப்பதில்லை.

இது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 1943இல் அமெரிக்காவின் சாண்டா ஃபே நகருக்குக் குடும்பத்தோடு போயிருந்தார் எட்வின் லாண்ட். எடுத்த படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியாது என்று மூன்று வயது மகள் கேட்டாள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் உருவாக்கிய போலராய்டு கேமரா 1948இல் பாஸ்டனில் கடைக்கு வந்தது. 1972இல் வந்த எஸ்எக்ஸ்-70இல் தாள் தானாக வெளியே வந்து கண்ணெதிரே படமானது. போலராய்டு தாளின் கீழ் ஓரம் அகலமாக இருக்கிறதல்லவா, ரசாயனப் பசை இருக்கும் பொதி அதற்குள்தான் இருக்கிறது. வெளியே வரும் வழியில் இரண்டு உருளைகள் அதை நசுக்கிப் படம் முழுக்கப் பரப்புகின்றன.

கடை வைத்திருப்பவர், சென்னை: சித்திரை வெயிலில் போலராய்டு எடுத்தால் மஞ்சளடிக்கிறது. கேமராவில் கோளாறா? நன்றாக உதறியும் பார்த்துவிட்டேன்.

கேமராவில் ஒன்றுமில்லை, சூடுதான் காரணம். போலராய்டு தாளுக்கு 13 முதல் 28 டிகிரி வரைதான் ஒத்துவரும். அதற்கு மேல் போனால் மஞ்சளோ சிவப்போ ஏறும். பெட்டியை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே வைத்தால் தாள் மேல் வேர்க்காது. எடுத்த தாளை உடனே வெளிச்சத்திலிருந்து மறைத்து, கவிழ்த்து, நிழலான இடத்தில் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். உதறவே கூடாது. பசை இன்னும் ஈரமாக இருக்கும், உள்ளே அடுக்கு பிரிந்துவிடலாம்.

நம் ஊர் வெயிலுக்கு இன்ஸ்டாக்ஸ் பரவாயில்லை, 40 டிகிரி வரை தாங்கும்.

தனியார் பள்ளி ஆசிரியர், மதுரை: அப்பாவின் பழைய யாஷிகா எம்எஃப்-2 பரணில் கிடைத்தது. எப்படிச் சோதிப்பது?

பின்மூடியைத் திறக்காதீர்கள்! உள்ளே ரோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரீவைண்டு கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். சும்மா சுழன்றால் காலி. இழுத்துப் பிடித்தால் ரோல் உள்ளே இருக்கிறது, முழுக்கச் சுற்றி உள்ளிழுத்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். காலியாக இருந்தால் பேட்டரி இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா, மூடியைச் சுற்றியிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் பிசுபிசுத்துவிட்டதா, லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். ஸ்பாஞ்சை மாற்றிவிடலாம். பூஞ்சை உள்ளே போயிருந்தால் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் நல்லது.

ரோல் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் மாமாவின் கேமராவில் 36 படமும் எடுத்து முடித்து, ஸ்டூடியோவுக்குப் போகாமலே விட்ட ஒரு ரோல் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. கலர் ரோல்தான். இவ்வளவு பழையதில் நிறத்தை நம்ப முடியாது என்று கறுப்பு வெள்ளை ரசாயனத்திலேயே கழுவினேன். பாதிக்கு மேல் வெறும் மூட்டம். கிரகப்பிரவேசப் படங்கள் சில வந்தன, எல்லோரும் வரிசையாக விறைத்து நிற்கிறார்கள். கடைசி மூன்று மட்டும் வேறு மாதிரி. கிணற்றடித் துவைகல்லில் காயும் துண்டு. சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பையன். அடுப்படியில் யாரோ கூப்பிட்டதுபோல் கரண்டியோடு திரும்பும் அத்தை.

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இது ஏன் என்று புரியும். விசேஷம் முடிந்ததும் ரோலில் மூன்று நான்கு மிச்சமிருக்கும். ஸ்டூடியோவில் கொடுக்க அவசரம், மிச்சத்தை வீணாக்கவும் மனசு வராது. "ரோலை முடிச்சிடு" என்று யார் கையிலாவது கேமராவைக் கொடுப்பார்கள். அவர் கண்ணில் பட்டதைத் தட்டிவிட்டு வருவார். கிணற்றை இப்போது தூர்த்துவிட்டார்கள். மாமா வீட்டில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அந்த மூன்றைத்தான். அதிலிருந்து நான் ரோலின் கடைசிப் படங்களை வேறு கண்ணோடு எடுக்கிறேன்.

இளம் தாய், சென்னை: கைக்குழந்தையோடு ஐந்தாவது மாடியில் இருக்கிறேன். வெளியே போக முடியவில்லை. வீட்டுக்குள் என்ன இருக்கிறது எடுக்க?

ஆந்த்ரே கெர்டெஸ் என்ற பெரிய புகைப்படக்காரர் இருந்தார். புடாபெஸ்டில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்தவர். 1977இல் மனைவி எலிசபெத் இறந்த பிறகு, எண்பது தாண்டிய வயதில், எஸ்எக்ஸ்-70ஐக் கையில் எடுத்தார். ஒரு கடையில் கண்ணாடியில் செய்த சின்னச் சிலை ஒன்றைப் பார்த்தார். அதன் கழுத்தும் தோளும் வளைந்த விதம் மனைவியை நினைவூட்டியது. வாங்கி வந்து தன் அடுக்குமாடி வீட்டு ஜன்னலில் வைத்தார். காலை, மாலை, மேகம் மூடிய நாள் என்று அதே சிலையை அதே ஜன்னலில் எடுத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றிலும் அந்தக் கண்ணாடிக்குள் வேறு வானம் இருக்கும்.

உங்கள் ஜன்னலில் கொடியில் காயும் குழந்தைத் துணி இருக்கும். வெயில் எத்தனை மணிக்கு அதன் வழியாகத் தரையில் விழுகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். மூன்றாவது நாள் எடுங்கள். குழந்தை முகத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஃபிளாஷ் வேண்டாம்.

பொறியாளர், ஈரோடு: தினம் ஒரு படம் என்று ஆரம்பித்து 19ஆம் நாள் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கலாமா?

ஜேமி லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்கர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். 1979 மார்ச் 31 முதல் 1997 அக்டோபர் 25 வரை, நாளுக்கு ஒரு போலராய்டு. ஆறாயிரத்துக்கும் மேல். ஒரே நாளில் இரண்டு நல்ல காட்சி அமைந்தாலும் ஒன்றுதான். சாப்பாட்டு மேசை, நண்பர்கள், தெரு என்று போகும் வரிசை, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்துவிடுகிறது. புற்றுநோய். அவருடைய 41வது பிறந்தநாளிலேயே இறந்தார். தனித்தனியாகப் பார்த்தால் பல படங்கள் ரொம்பச் சாதாரணம். வரிசையாகப் பார்க்கும்போது என்னால் பாதியில் எழுந்திருக்க முடியவில்லை.

உங்களுக்கு வாரம் ஒன்று போதும், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன வாரத்துக்கு ஈடுகட்ட அடுத்த வாரம் இரண்டு எடுக்காதீர்கள். அந்த இடைவெளியும் உங்கள் வாழ்க்கைதான், அப்படியே இருக்கட்டும்.

ஓட்டுநர், சேலம்: எங்கள் ஊர் ஸ்டூடியோவில் ரோல் வாங்குவதில்லை என்கிறார்கள். வீட்டிலேயே கழுவ முடியுமா?

கறுப்பு வெள்ளை என்றால் தாராளமாக. கலருக்கு டெவலப்பர், அதாவது படத்தை எழுப்பும் ரசாயனம், 37.8 டிகிரியில் அசையாமல் நிற்க வேண்டும். அதைப் பெருநகர லேபுக்குக் கூரியரில் அனுப்புவது நல்லது. கறுப்பு வெள்ளைக்கு ஃபிலிம் கழுவும் டேங்க் ஒன்று, கை நுழைக்கும் கறுப்புத் துணிப்பை, டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர், தெர்மாமீட்டர். இல்ஃபோர்ட் எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ரோலை டி-76 டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 11 நிமிடம். நம் மாடித் தொட்டித் தண்ணீரோ கோடையில் 30ஐத் தாண்டும். நான் பிளாஸ்டிக் கவரில் ஐஸ் கட்டி, பாட்டிலை அதோடு ஒரு பக்கெட்டில் வைத்துக் குளிர வைப்பேன். ஐஸை நேராக ரசாயனத்தில் போடக் கூடாது. முதல் ரோலில் முக்கியமான படம் எதுவும் வேண்டாம்.

ஒரு காலத்தில் நம் ஊட்டியிலேயே, 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ஆலையில், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தார்கள். அந்த ஆலை மூடியதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இரண்டு பேர் கேட்டது: காலாவதியான ரோல், விமான நிலைய எக்ஸ்ரே.

கலர் ரோல் காலாவதியாகிப் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம், அதாவது ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரு மடங்கு என்ற கணக்கில், கூட்டிக் கொடுங்கள். விமான நிலையத்தில் ரோலைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பவே வேண்டாம். கைப்பையில் தனிக் கவரில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். புது சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனர்கள் ஃபிலிமைக் கெடுத்துவிடும்.

கல்லூரி மாணவர், கும்பகோணம்: தெருவில் தெரியாதவர்களை எடுக்கத் தயக்கமாக இருக்கிறது அக்கா.

அந்தத் தயக்கம் நல்லதுதான் தம்பி. கேட்டுவிட்டு எடு. முதல் தாள் அவர்களுக்கு, இரண்டாவது உனக்கு. ஸ்ரீரங்கத்தில் பூ கட்டும் ஒரு அம்மாவை அப்படித்தான் எடுத்தேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை விளிம்பில் பிடித்துக்கொண்டார். வெள்ளையிலிருந்து முகம் மெல்ல எழும்பி வந்தபோது, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "பாரு, வர்றேன் பாரு" என்றார். அடுத்த மாதம் போனபோது அந்தத் தாள் காசுப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தது, முனையில் மஞ்சள் கறை.

இல்லத்தரசி, யாழ்ப்பாணம்: தாள்களை எப்படிப் பாதுகாப்பது?

ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பத்தில் வைக்காதீர்கள், லேமினேட் பண்ணவும் வேண்டாம். பாலிபுரொப்பிலீன் உறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தேதியும் இடமும் மார்க்கரால் வெள்ளை ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் முதுகில் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு தெரியும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர், 68 வயது: ஒரே ஒரு ரோல் வாங்கி வைத்திருக்கிறேன். பேரன் காதுகுத்துக்கு எடுக்கலாமா, இல்லை வேறு எதற்காவது வைத்திருக்கட்டுமா?

காதுகுத்துக்கே எடுங்கள் ஐயா. மாமா மடியில் குழந்தை வீறிடுவது, எல்லோரும் நிற்கிற வரிசை, பந்தி, எல்லாவற்றையும் எடுங்கள். கவுண்டர் 32ஐக் காட்டியதும் கேமராவை அலமாரியில் வைத்துவிடுங்கள். விருந்தாளிகள் எல்லோரும் போய், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து, வீடு பழையபடி ஆன பிறகு ஒரு காலையில் வெளியே எடுங்கள். மிச்சம் நாலு இருக்கும். வீட்டம்மாவிடம் ஒன்று எடுக்கக் கொடுங்கள்.