புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் ஏன் ஆசிரியர்களின் பாதுகாவலர் எனப்படுகிறார்?

1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்கு அந்தப் பட்டத்தை அளித்தார். காரணம், ஆசிரியப் பணியையே ஒரு துறவு வாழ்வாக ஆக்கியவர் அவர்.

1651இல் பிரான்சின் ரேம்ஸ் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். 16 வயது நிறைவதற்குள்ளேயே பேராலயக் குருமன்றத்தில் பதவியும் வருமானமும் கிடைத்தன. ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளின் ஆசிரியர்களைத் தம் வேலைக்காரனுக்கும் கீழாகவே முதலில் கருதியதாக அவரே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் 1681இல் அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார், உறவினர்கள் கொதித்தார்கள். எதிர்காலத்தை எண்ணி அஞ்சிய ஆசிரியர்களிடம் இறைவனை நம்பச் சொன்னார். “உங்களுக்குச் சொத்து இருக்கிறது, பதவி இருக்கிறது; எங்களுக்கு என்ன இருக்கிறது?” என்ற பொருளில் அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவரைத் தைத்தது. 1683இல் பதவியைத் துறந்தார். பஞ்சக் காலத்தில் சொத்தை ஏழைகளுக்கு ரொட்டியாகப் பகிர்ந்தளித்தார். அவருடைய வாழ்வில் என்னை மிகவும் நெகிழவைக்கும் இடம் இதுதான்.

வகுப்பறையிலும் அவர் செய்த மாற்றம் பெரிது. அவருடைய பள்ளிகளில் லத்தீனுக்குப் பதிலாகத் தாய்மொழியான பிரெஞ்சில் வாசிக்கக் கற்பித்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக அழைக்காமல் வகுப்பாகப் பாடம் நடத்தினார்கள். ஆசிரியர்களைக் கொண்டு அவர் நிறுவிய துறவற சபையின் சகோதரர்கள் குருக்கள் ஆவதில்லை. கற்பித்தலே அவர்களுடைய முழுநேரப் பணியாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.