பள்ளி விட்ட பிறகு பிள்ளையை டே கேரில் விட எவ்வளவு ஆகும்? அதைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவது கட்டுபடியாகுமா?

பையனை ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறீர்கள், பள்ளி மூன்று மணிக்கே விட்டுவிடும், டே கேரில் மாதம் 5,500 கேட்கிறார்கள், பேசாமல் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே 5,500இல் ஆரம்பித்தவள்தான். வருஷம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது மாதத்துக்கு 9,300 வந்து நின்றது. கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பே. அப்படியும் கோட்டை விட்டேன்.

வீடு குரோம்பேட்டையில். எனக்குக் கிண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. கணவருக்கு ஒரகடம், காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் ராத்திரி எட்டுக்குத்தான் இறங்குவார். பையன் இப்போது நான்காம் வகுப்பு. பள்ளி 3.10க்கு விடும். எனக்கு ஆபீஸ் ஆறு மணிக்கு முடிந்து, மின்சார ரயில் பிடித்து, ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தால் 6.50. நடுவில் இருக்கிற இந்த மூன்றே முக்கால் மணி நேரத்துக்குத்தான் இத்தனை பாடும்.

5,500 எப்படி வளர்ந்தது என்று சொல்கிறேன். பள்ளியிலிருந்து டே கேருக்குக் கொண்டுவிடும் வேனுக்கு 1,200. சாயங்காலப் பாலுக்கும் சுண்டலுக்கும் 600. ஏழு மணியைத் தாண்டினால் கால் மணி நேரத்துக்கு 50 ரூபாய், அது சராசரியாக மாதம் 400. ஆக 7,700. ஜூனிலிருந்து ஏப்ரல் வரை பதினொரு மாதத்துக்கு 84,700. மே மாதம் முழுநாளும் அங்கேதான், அதற்கு 11,000. வருஷா வருஷம் பதிவுக் கட்டணம் 4,000. இதுவரை எல்லாமே முதல் நாளே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்க மறந்தது பள்ளிக்கு லீவு, எனக்கு ஆபீஸ் என்று வரும் நாள்களைத்தான். காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, மழை லீவு, நான் வேலைக்குப் போகும் சனிக்கிழமைகள் என்று போன வருஷம் 34 நாள். முழுநாள் விட்டால் நாளுக்கு 350 கூடுதல். 11,900. மொத்தம் 1,11,600.

என் கைக்கு வரும் சம்பளம் 32,000க்குக் கொஞ்சம் மேலே. அண்ணா நகர், அடையாறு பக்கம் இருக்கும் தோழிகள் என்னைவிட அதிகமாகவே கொடுக்கிறார்கள். ஆகவே டே கேருக்குப் போனால் "மாசம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பள்ளி காலண்டரைக் கையோடு எடுத்துப் போய், எந்தெந்த நாள் அவர்கள் திறந்திருப்பார்கள், எந்தெந்த நாள் மூடுவார்கள் என்று பேனாவால் சுழித்துக்கொண்டு வாருங்கள். அவர்களும் மூடும் நாளில் நீங்கள்தான் லீவு போட வேண்டும், அதற்கு ரசீது கிடையாது.

மழைக்காலம்தான் இதில் மோசம். கலெக்டரின் விடுமுறை அறிவிப்பு விடிகாலையில் டிவியில் கீழே ஓடும். நாங்கள் இருப்பது செங்கல்பட்டு மாவட்டம், ஆபீஸ் சென்னை மாவட்டம். இங்கே லீவு, அங்கே இல்லை என்று விடிந்த நாள்கள் உண்டு. இரண்டு பக்கமும் லீவு விட்டாலும் அது பள்ளிக்குத்தான், அக்கவுன்ட்ஸுக்கு இல்லை. டே கேர் ஆயா வீடு முடிச்சூர்ப் பக்கம். பள்ளிக்கு லீவு விடும் அளவுக்கு மழை பெய்தால் அவர் தெருவில் முழங்கால் தண்ணீர். அவர் வராவிட்டால் டே கேர் திறக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த வாரத்தில் என் கேஷுவல் லீவில் மிச்சமிருந்தது அத்தனையும் கரைந்தது.

"வீட்டில் பாட்டி இல்லையா?" என்று உங்களிடமும் கேட்பார்கள். இருந்தார்கள். பையன் ஒன்றாம் வகுப்பு முடிக்கும்வரை என் மாமியார்தான் தினமும் போய்க் கூட்டி வந்தார்கள். நாங்கள் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். ஒரு நாளும் வாய் திறந்து வலிக்கிறது என்று சொன்னதில்லை. 2023 கோடையில் இரண்டு மூட்டுக்கும் அறுவை சிகிச்சை ஆகி, தஞ்சாவூரில் மூத்தார் வீட்டோடு போய்விட்டார்கள். பாட்டி பார்த்துக்கொண்டால் செலவே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஆஸ்பத்திரி பில்தான் நினைவுக்கு வரும். படியேறியதால்தான் மூட்டு போனது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கில் அவர்களுக்கு நாங்கள் ஒரு ரூபாயும் எழுதவில்லை என்பது உண்மை.

அடுத்த ஒரு வருஷம் டியூஷனை வைத்துச் சமாளித்தோம். டியூஷன் மாதம் 1,200, டே கேரோடு பார்த்தால் கொசுறு. ஒரு ஹாலில் இருபத்திரண்டு பிள்ளைகள், ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஏழுக்கு விடுவார்கள். 3.10இலிருந்து ஐந்து வரை? கீழ் வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார், அதனால் தீபாவளிக்குப் புடவை, பொங்கலுக்கு ஒரு பாத்திரம். அவர் வெளியூர் கல்யாணத்துக்குப் போகிறேன் என்றால் எனக்கு அங்கே வயிற்றைக் கலக்கும். ஒருவருடைய நல்ல மனசை நம்பி தினமும் ஆபீஸ் போவது பெரிய பாரம், கட்டணத்தைவிடப் பெரியது. வாரத்தில் இரண்டு நாள் டியூஷன் கிடையாது என்பதால் அந்த நாள்களுக்கு ஹிந்தி வகுப்பில் சேர்த்தோம். ஹிந்தி பிரசார சபாவின் ஆரம்பத் தேர்வான பரிச்சய் புத்தகத்தில் பாதி வரை வந்தான். அவனுக்கு ஹிந்தி மேல் ஆசையும் இல்லை, எங்களுக்கு அவனை டெல்லிக்கு அனுப்பும் திட்டமும் இல்லை. உட்கார ஒரு பாயும் மேலே ஒரு ஃபேனும் கிடைத்தது, அவ்வளவுதான். ஊரில் ஓடுகிற அபாகஸ், கராத்தே, கீபோர்டு வகுப்புகளில் பாதியை எங்களைப் போன்றவர்கள்தான் நடத்திவைக்கிறோம் என்பது என் சந்தேகம்.

கம்பெனியில் உதவி கிடைக்காதா என்றும் முட்டிப் பார்த்தேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017இல் மகப்பேறு பலன் சட்டத்தில் திருத்தம் கொண்டு வந்தார்கள். எங்கள் ஆபீஸில் எழுபது பேர். எச்.ஆரிடம் போய்க் கேட்டேன். "உங்க பையனுக்கு எட்டு வயசு ஆச்சே மேடம்" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தத் திருத்தத்துக்கு மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் காப்பகம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு. அதற்கு முன்னால் 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும் காப்பகம் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். ஆறு வயதானால் பள்ளிக்குப் போய்விடுவான், அத்தோடு கவலை தீர்ந்தது என்று நினைத்திருப்பார்கள் போல. பள்ளி மூன்று மணிக்கு விடும் என்பதை யாரும் சொல்லவில்லையோ என்னவோ. (ஆறு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கும் எங்கள் ஆபீஸில் காப்பகம் கிடையாது என்பது வேறு கதை.) என் ஓரகத்தி மத்திய அரசு வேலையில் இருக்கிறாள். அங்கே பெண் ஊழியருக்குப் பிள்ளை வளர்ப்பு விடுப்பு என்று பணிக்காலம் முழுக்க 730 நாள், இரண்டு பிள்ளைகள் வரை, பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை எடுக்கலாம். பரீட்சை நேரத்தில் அவள் லீவு போடுவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். மறைக்க என்ன இருக்கிறது?

வருமான வரியிலும் ஒன்றும் இல்லை. வருஷக் கடைசியில் எல்லோரிடமும் வரிக் கழிவுக்கான படிவத்தையும் ரசீதுகளையும் வாங்குவது என் வேலை. பழைய வரி முறையில் இருப்பவர்கள் பள்ளியில் கட்டும் டியூஷன் ஃபீயைக் கழிவாகக் காட்டலாம். டே கேர் ரசீதைக் காட்ட இடமில்லை. புதிதாகச் சேர்ந்த பெண்கள் நம்பிக்கையோடு அதைப் பின் அடித்து இணைத்திருப்பார்கள், நான்தான் பின்னைக் கழற்றித் திருப்பித் தருவேன். பிள்ளைகள் கல்விப் படி என்று ஒன்று உண்டு. நான் வேலைக்கு வந்த நாளில் அதற்கு வரி விலக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய். எங்கள் டே கேரில் இரண்டு தரம் லேட்டாகப் போனால் அது தீர்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் மகள் அரசுப் பள்ளியில் படித்தாள். கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பித்தார்கள் இல்லையா, அவர்கள் தெருவிலேயே ஒரு கல்லூரிப் பெண் தன்னார்வலராக இருந்து வாசலில் பாய் விரித்து சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை பாடம் எடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். விட்டுப்போன பாடத்தைப் பிடிக்கத்தான் அந்தத் திட்டம். ஆனால் இந்த அம்மா சொன்னது வேறு: "அந்த ரெண்டு மணி நேரம் அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்மா, அதான்." அதனால் அவர் சாயங்காலம் இன்னொரு வீட்டுக்கும் வேலைக்குப் போனார். நான் மாதம் 9,300 கொடுத்து வாங்குவதும் இதைத்தான்.

இப்போது வேலையை விடலாமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸில் ஒரு பெண் உங்களைப் போலவே டே கேர் செலவைத் தன் சம்பளத்தில் கழித்துப் பார்த்துவிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். கணக்கை முடித்துக் கொடுத்தது நான்தான். சேர்ந்து நான்கு வருஷம் மூன்று மாதம். வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு, ஐந்து வருஷம் வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளம் 15,600. அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 9,000. இன்னும் ஒன்பது மாதம் தாக்குப்பிடித்திருந்தால் 45,000 கையில் வாங்கியிருப்பாள். என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து காசோலையை மடித்துப் பைக்குள் வைத்தவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்னாலேயே என்னிடம் கேட்டிருக்கலாமே என்று மட்டும் தோன்றியது. பி.எஃப்.பில் கம்பெனி மாதாமாதம் போட்ட 1,800ஐயும் அவள் எந்தத் தாளிலும் எழுதிப் பார்த்திருக்க மாட்டாள். இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் சேர்ந்தாள், முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு.

அதோடு, டே கேர் செலவை ஏன் உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறீர்கள்? பிள்ளை இரண்டு பேருக்கும்தானே? எங்கள் வீட்டிலும் முதல் வருஷம் என் கூகுள் பேயிலிருந்துதான் போனது, அதனாலேயே அது "என் செலவு" ஆயிற்று. இப்போது கணவர் கணக்கிலிருந்து போகிறது. மொத்தச் செலவு ஒரு பைசா குறையவில்லை. ஆனால் மழை லீவு அன்று "இன்னிக்கு யார் லீவு போடறது?" என்ற கேள்வியை இப்போது அவரும் கேட்கிறார்.

லேட் ஃபீயைப் பற்றி ஒன்று. போன நவம்பரில் ஒரு நாள் பல்லாவரத்துக்கு முன்னால் ரயில் நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது 7.35. ஆயா பெருக்கி முடித்து, குட்டி நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, வாசல் லைட்டை மட்டும் விட்டிருந்தார். பையன் ஷூ போட்டு, பையை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அந்த லேட் நோட்டு. டே கேர் நடத்தும் ஆன்ட்டி எழுதுவதற்கு முன்னால் இவனே பென்சிலால் அதில் தன் பெயரை எழுதி, எதிரில் 150 என்று போட்டிருந்தான். "மூணு கால் மணி நேரம்மா, சரிதானே?" என்றான். சரிதான், ஆரம்பித்த கால் மணிக்கும் காசு உண்டு. ஆயாவுக்கு அன்றைக்குப் பஸ் போய்விட்டது. அந்த 150இல் அவருக்கு எதுவும் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் லேட்டானால் அவர் கையிலும் தனியாகக் கொடுத்துவிடுகிறேன்.

நேரில் பார்க்கப் போகும்போது ஆறரை மணிக்கு மேல் போங்கள். காலையில் போனால் எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். கடைசிப் பிள்ளையோடு யார் இருக்கிறார், அவர் தனியாக இருக்கிறாரா, வேன்காரர் பிள்ளையைக் கையில் ஒப்படைக்கிறாரா அல்லது தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகிறாரா என்பதெல்லாம் அந்த நேரத்தில் பார்த்தால் தெரியும்.

உங்கள் சம்பளம் எவ்வளவு என்று எழுதவில்லை. வேலைக்குச் சேர்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்பதையும் சேர்த்துக் கமென்டில் போடுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.