Re: ஜனவரியில் மூணாறு, மூட்டு வலி அம்மாவும் 6 வயசுப் பையனும்

குளிருக்குப் பயந்து ரெண்டு நாளும் ரூம்லயே முடங்கிடுவோமோன்னு கேட்டிருக்கீங்க. நான் போடிக்காரன், வருஷா வருஷம் மலை மேல மூணாறுக்குப் போறவன். முடங்க வேண்டாம், நேரத்தை மாத்திக்கோங்க, போதும்.

விடியக்காலை உறைபனி பார்க்க அம்மாவை எழுப்பாதீங்க. குளிர்காற்று கனம், ராத்திரி பள்ளத்துல இறங்கித் தேங்கும். அதனாலதான் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் புல்லு வெள்ளையா கிடக்கும். வெயில் ஏறினா கரைஞ்சிடும். பையனும் நீங்களும் மட்டும் போய்ட்டு வாங்க, கையுறை முக்கியம். (நான் ஒருதடவை இல்லாம பைக்ல போய் விரல் மரத்து, பிரேக்கே பிடிக்க முடியல.)

அம்மாவுக்கு மறையூர்தான். மூணாறுல இருந்து 40 கிலோமீட்டர் இருக்கும். மழை மறைவுப் பகுதி, உயரமும் குறைவு, பகல்ல நல்ல இளவெயில். கரும்புப்பால் காய்ச்சுற கொட்டகைல உட்கார்ந்தா அடுப்புச் சூடே மூட்டுக்கு ஒத்தடம்! சூடா உருண்டை வெல்லம் வாங்கிக்கோங்க. சந்தனக் காடும் ரோட்டோரமே தெரியும்.

ராஜமலை வரையாடு பார்க்கணும்னா ஜனவரியே சரி. குட்டி போடுற காலம்னு பிப்ரவரி, மார்ச்ல வழக்கமா மூடிடுவாங்க. வனத்துறை பஸ் மேல வரை போகும், ஆனா அதுக்கப்புறம் ஏத்த நடை. அம்மா இறங்குற இடத்துலயே உட்காரட்டும், ஆடு அங்கயே வந்து நிக்கும் பல நாள்.

டாப் ஸ்டேஷன் வியூ பாயிண்ட்ல மத்தியானத்துக்கு மேல மூடுபனி, காலையிலயே முடிச்சிடுங்க. போடிமெட்டு வழியா வந்தா 17 கொண்டை ஊசி வளைவு, பையனுக்கு வயித்தை நிரப்பாதீங்க.