கை போகும் இடம்

அன்புள்ள அக்கா,

நகம் கடிப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் இதை எழுதத் தைரியம் வந்தது. எனக்கு 24 வயது. வீட்டில் இருந்தபடி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து தலைமுடியைப் பிடுங்குகிறேன். புத்தகம் மடியில் இருக்கும், கை உச்சந்தலையில் இருக்கும், சில நாள் ஒரு மணி நேரம்கூட ஆகிவிடும். சொரசொரப்பான முடியாகத் தேடி எடுப்பேன். வேரோடு வந்தால் உதட்டில் தேய்ப்பேன், கடிக்கவும் செய்வேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. உச்சியில் உள்ளங்கை அளவுக்கு முடி இல்லை. கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போதெல்லாம் 'வீட்டில் முடி பறந்தால் தரித்திரம்' என்று அம்மா திட்டுகிறார். தோல் டாக்டரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர் புழுவெட்டு என்று ஊசி போட்டார். பாட்டி சின்ன வெங்காயம் தேய்த்துவிட்டார். 17 வயதில் பழனியில் மொட்டை போட்டார்கள், ஒரு அங்குலம் வளர்ந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். எத்தனையோ முறை சாமி முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். போன மாதம் போனில் தேடியபோது 'ட்ரைக்கோடில்லோமேனியா' என்று வந்தது. மேனியா என்றால் பைத்தியம்தானே? இப்போது வரன் பார்க்கிறார்கள். உங்களைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

ச.

அன்புள்ள ச.,

வெளியிடலாமா என்று கேட்டு நீங்கள் சரி சொன்ன பிறகு, ஊர், பெயர் எல்லாம் எடுத்துவிட்டுப் போடுகிறேன். இதே கடிதத்தை எழுதாமல் வைத்திருக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள். நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இது உண்டு என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் உங்களைப் போலப் பத்துக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில், வயதுக்கு வரும் சமயத்தில் தொடங்குகிறது.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் என் அண்ணன் மகள் 11 வயதில் இமை முடியைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒரு கோடை விடுமுறை முழுக்க என்னோடு இருந்தாள். 'கையை எடு, கையை எடு' என்று நாளைக்கு ஐம்பது தடவை சொன்னேன், ராத்திரி அவள் விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டினேன், ஒருநாள் அடித்தும்விட்டேன். அவள் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு பிடுங்கக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் அம்மா திட்டுகிறார் என்று படித்தபோது அந்தக் கோடைதான் ஞாபகம் வந்தது.

முதலில் பெயர். 1889இல் அலோப்போ என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் முடி, பிடுங்குதல், மேனியா என்று மூன்று கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. அந்தக் காலத்து வழக்கப்படி மேனியாவைச் சேர்த்துவிட்டார், அதற்காக நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோய்களை வகைப்படுத்தும் தங்கள் கையேட்டைத் திருத்தியபோது இதை ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயின் குடும்பத்தில், தோலைக் கிள்ளிக்கொண்டே இருக்கிற பழக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். உங்களுக்குப் பைத்தியம் இல்லை.

அடுத்தது சத்தியம். இனிமேல் சத்தியம் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இந்தப் பிடுங்கல் இரண்டு விதமாக நடக்கிறது, ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கும். ஒன்று, படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, படுத்துக்கொண்டு போன் பார்க்கும்போது கை தானாகப் போவது. மடியில் முடி விழுந்து கிடப்பதைப் பார்த்துத்தான் நமக்கே தெரியும். இன்னொன்று, மனதில் ஒரு இறுக்கமோ சலிப்போ வந்து, இந்த முடி சரியில்லை, இதை எடுத்தால்தான் ஆகும் என்று தேடிப் பிடித்து எடுப்பது, எடுத்த கணம் வரும் நிம்மதி. முதல் விதத்தில் சத்தியம் செய்தவள் அங்கே இல்லவே இல்லை, கை மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் அந்த நிம்மதி நிஜமானது, உடம்பு அதைக் கற்றுவைத்திருக்கிறது. சத்தியம் உடைந்ததும் வருகிற வெறுப்பு இன்னொரு இறுக்கமாகி மறுபடி கையை மேலே அனுப்புகிறது. மன உறுதி இல்லாதவளா குரூப் 2க்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்?

மொட்டை ஏன் உதவவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. முடி போனது, விரல் தேடுகிற பழக்கம் அப்படியே இருந்தது. புதிதாக முளைக்கிற முடி குட்டையாக, குத்தலாக, மற்றதிலிருந்து வேறாக இருக்கும், அதுதானே உங்கள் விரல் தேடுகிற முடி!

சரி, என்ன செய்வது? 1973இல் ஏஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பழக்கத்தை மாற்றுவதற்கு ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். இன்றுவரை இதற்கு நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சை அதன் வழிவந்ததுதான். உளவியலாளரோடு சேர்ந்து செய்வது நல்லது, ஆனால் தொடக்கத்தை இன்றே செய்யலாம். ஒரு வாரம் எதையும் நிறுத்த முயலாதீர்கள். பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, கை போனது தெரிந்ததும் மணி, இடம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மனம் எப்படி இருந்தது, எந்தக் கை, இவ்வளவு மட்டும் குறியுங்கள். திட்டு வேண்டாம். என் அண்ணன் மகள் அப்படி எழுதியபோதுதான் கணக்கு வீட்டுப்பாடத்தின்போது, இடது முழங்கை மேஜையில் ஊன்றியிருக்கும்போது மட்டுமே கை இமைக்குப் போகிறது என்று தெரிந்தது. நாற்காலியை மேஜையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டோம், அவ்வளவுதான், பாதி குறைந்தது.

அப்புறம் கைக்கு மாற்று வேலை. கை மேலே கிளம்புவது தெரிந்ததும், அல்லது தேட வேண்டும் போல இருந்ததும், விரல்களை மடக்கி முஷ்டியாக இறுக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். பேனாவை இறுக்கிப் பிடித்தாலும் போதும். ஆசை அலை மாதிரி ஏறி இறங்கும், இறங்கும்வரை கை வேறு இடத்தில் இருந்தால் சரி. படிக்கும்போது தலையில் துணி கட்டலாம், கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்திரி ஒட்டலாம், முடி சொரசொரப்பு தெரியாமல் வழுக்கிவிடும்படி நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தாராளமாக வைக்கலாம். உங்கள் விரலுக்கும் உதட்டுக்கும் அந்தத் தொடுஉணர்வு தேவைப்படுகிறது என்பதால், அதைத் தடுப்பதைவிட வேறெங்காவது கொடுப்பது நல்லது: தேங்காய் நார், பழைய பல்துலக்கும் பிரஷ், புளியங்கொட்டை, எதை உருட்டினால் விரல் அடங்குகிறது என்று நீங்களே பாருங்கள். எல்லாம் எல்லோருக்கும் பலிக்காது. ஒரு வாரம் நன்றாகப் போய்விட்டு எட்டாம் நாள் ஒரு மணி நேரம் பிடுங்கிவிட்டீர்கள் என்றால் அதையும் தாளில் எழுதிவிட்டு அடுத்த நாளுக்குப் போங்கள்.

மருந்தைப் பற்றி. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாத்திரையை போனில் தேடும்போது பார்த்திருப்பீர்கள். 2009இல் 50 பெரியவர்களிடம் 12 வாரம் நடந்த ஆய்வில் அதை எடுத்துக்கொண்டவர்களில் பாதிக்கு மேல் நன்றாகத் தேறினார்கள். 2013இல் குழந்தைகளிடம் செய்த ஆய்வில் பலன் தெரியவில்லை. மெடிக்கலில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற வழக்கமான மாத்திரைகள் பிடுங்குவதை நேரடியாகக் குறைப்பது அபூர்வம், ஆனால் கூடவே சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கு உதவும், அதை மனநல மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. முதலில் பேசத்தான் ஆள் வேண்டும் என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, காசில்லை, தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். தோல் டாக்டரிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். புழுவெட்டு இல்லாத இடத்தில் அந்த ஊசி எதற்கு? முடி பெரும்பாலும் திரும்ப வளரும். ஒரே இடத்தில் பல வருடம் பிடுங்கியிருந்தால் சில இடம் மெலிசாகவே நிற்கலாம், அதை அவர் பார்த்துச் சொல்வார்.

அம்மாவிடம் சொல்லுங்கள். கத்துவார், அழுவார், பிறகு கேட்பார். அவருக்கு இது ஒரு நோய் என்றே தெரியாது, பெண் அலட்சியமாக இருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். அம்மா, 'கையை எடு' என்று சொல்லாதீர்கள், அவள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையில் எதையாவது கொடுங்கள், அல்லது எண்ணெய் வைத்துத் தலையைப் பிடித்துவிடுங்கள், அது போதும். வரன் விஷயத்தில், பெண் பார்க்க வருகிற எல்லோரிடமும் உங்கள் தலையைக் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பேசி முடிக்கிற கட்டத்தில் அந்த ஒருவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்பேன், கல்யாணத்துக்குப் பிறகும் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு வாழ்வது ரொம்பக் கஷ்டம். அவர் என்ன சொல்கிறார் என்பதிலிருந்து உங்களுக்கும் அவரைத் தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் உங்கள் கடிதத்தில் பாதியில் நிற்கிறது. முடியைக் கடிப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள், விழுங்குவதுண்டா என்று எழுதவில்லை. முடி செரிக்காது. விழுங்கிக்கொண்டே இருந்தால் வயிற்றில் உருண்டையாகச் சேர்ந்து, சிலருக்கு அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டிவரும். விழுங்கியிருந்தால், அதோடு வயிற்றுவலி, வாந்தி, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோவது, எடை குறைவது இதில் ஏதாவது இருந்தால், தாள், எண்ணெய், வரன் எல்லாம் இருக்கட்டும், நாளைக்கே வயிற்றுக்கு ஒரு டாக்டரைப் பாருங்கள், முடியை விழுங்குவேன் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்றதை மெதுவாக எழுதலாம். இதற்கு மட்டும் இன்றைக்கே எனக்கு ஒரு வரி பதில் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா