எண்டோஸ்கோப்பி ரிப்போட்டில் 'பரெட்ஸ்' என்று இருந்தால் அது கேன்சரா?

கேள்வி: அப்பாவுக்குக் கொழும்பில் எண்டோஸ்கோப்பி செய்தோம். 'பரெட்ஸ்' என்று எழுதியிருக்கு, கேன்சருக்கு முந்தின நிலை என்கிறார்கள். ஏன் வருகிறது? என்ன வைத்தியம்?

பதில்:

கேன்சர் இல்லை; உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்தோல் மாறியிருப்பதற்குப் பெயர்தான் பரெட்ஸ். நான் டொக்டரும் இல்லை. அதே மாதிரி ரிப்போட்டை வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்வருகிற வெள்ளவத்தைக்காரன்.

முதலில், உங்களிடம் இருப்பது பாதி ரிப்போட்தான். அன்றைக்கே கையில் தருவது கெமராவில் கண்டதை எழுதினது. அதில் 'சி 2 எம் 4' மாதிரி ஒன்று இருக்கும்: மாறின தோல் குழாயைச் சுற்றிவர 2 சென்ரிமீற்றர், நாக்குப்போல நீண்ட இடத்தில் 4 சென்ரிமீற்றர் உயரம். எடுத்த சதைத்துண்டுகளின் பயொப்சி ரிப்போட் பிறகுதான் வரும். வைத்தியத்தைத் தீர்மானிப்பது அதுதான். அதில் 'டிஸ்பிளேசியா', அதாவது கேன்சருக்கு முந்தின கல மாற்றம், இருக்கா இல்லையா என்று பாருங்கள்.

இரைப்பை அமிலமும் பித்தமும் வருடக்கணக்கில் மேலே ஏறி ஏறி, உணவுக்குழாயின் அடிப்பகுதித் தோல் குடலின் உள்தோல் மாதிரி மாறிவிடுகிறது. 1950இல் இதை எழுதின லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் நோர்மன் பரெட்டே, அது நெஞ்சுக்குள் இழுபட்ட இரைப்பை என்றுதான் முதலில் நினைத்தாராம். ஆண்கள், 50 தாண்டினவர்கள், தொப்பை உள்ளவர்கள், சிகரெட் குடிப்பவர்கள், நெடுநாள் நெஞ்செரிவுக்காரர், ஹயாட்டஸ் ஹேர்னியா (இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுப்பக்கம் ஏறுவது) உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இது இருந்தவர்கள்: இவர்களுக்கு வாய்ப்புக் கூட. வெள்ளைக்காரரிடம்தான் அதிகம்.

இணையத்தில் தேடினால் பரெட்ஸ் பற்றித்தான் கொட்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு: வெத்திலை பாக்கு, புகையிலை, சிகரெட், சாராயம். இவை குழாயின் சாதாரணத் தோலையே, அநேகமாக நடுப்பகுதியில், கெடுக்கும். பரெட்ஸ் ஆகாமலே நேராக ஸ்குவாமஸ் டிஸ்பிளேசியா, அதாவது அந்தச் சாதாரணத் தோலின் கலங்களிலேயே வரும் டிஸ்பிளேசியா. "நான் புகையிலை போடுறதில்லை, வெறும் வெத்திலைதான்" என்று சொல்லும் மாமிமார் கவனிக்க: புகையிலை இல்லாத வெத்திலை பாக்கும் புற்றுநோய் தரும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் பானங்களையும் 2016இல் 'அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியவை' வரிசையில் சேர்த்தார்கள். ஆவி பறக்கிற பிளேன்டீயை ஆறவிட்டுக் குடித்தால் ஒன்றும் குறையாது. இந்த ஸ்குவாமஸ் வகையைப் பிடிக்க உள்ளே அயடீன் கரைசல் தெளிப்பார்கள். நல்ல தோல் மண்ணிறமாகும், கெட்ட இடம் வெளிறியே நிற்கும். அப்பா வெத்திலை போடுகிறவர் என்றால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பரெட்ஸ் வைத்தியத்துக்கு வருவோம். டிஸ்பிளேசியா இல்லையென்றால் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாதிரிக் குளிசை, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர். பிறகு மாறின தோலின் நீளம் 3 சென்ரிமீற்றருக்குக் குறைவென்றால் பெரும்பாலும் 5 வருடத்தில், கூடவென்றால் 3 வருடத்தில் மீண்டும் எண்டோஸ்கோப்பி. இந்த நிலையில் கேன்சராக மாறுவது வருடத்துக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு. குளிசை போட எரிவு நின்றுவிடும், மாறின தோல் அநேகமாக அப்படியேதான் இருக்கும். எரிவு இல்லையே என்று அடுத்த திகதிக்குப் போகாமல் விடுகிற ஆட்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

டிஸ்பிளேசியா என்று வந்தால் இன்னொரு பதோலொஜிஸ்டும் (சதைத்துண்டைப் பரிசோதிக்கும் டொக்டர்) அதே ஸ்லைட்டைப் பார்க்க வேண்டும்; வீக்கத்தால் கலங்கள் குழம்பித் தெரிவதும் உண்டு. லோ கிரேட் (கலமாற்றம் குறைவு) என்று உறுதியானால் அந்தத் தோலைச் சுட்டு அகற்றலாம், அல்லது 6 - 12 மாதத்துக்கொருமுறை பார்க்கலாம். ஹை கிரேட் (மாற்றம் கடுமை) என்றால் காத்திருப்பதில்லை. மேடாக உள்ள இடத்தை எண்டோஸ்கோப்பியாலேயே வெட்டியெடுத்து, மிச்சத்தை ரேடியோ அலைச் சூட்டால் கருக்குவார்கள். முந்தி இதற்கே உணவுக்குழாயை வெட்டியெடுத்தார்கள். கருக்கின பிறகு சிலருக்குக் குழாய் சுருங்கும், பலூன் விட்டு விரிக்கலாம். மாறின தோல் திரும்பவும் வரக்கூடும் என்பதால் கெமராப் பரிசோதனை அதற்குப் பிறகும் தொடரும்.

சோறு தொண்டைக்குக் கீழே சிக்குவது, காரணமில்லாமல் மெலிவது, கறுப்பாக மலம் போவது: இதில் ஒன்று இருந்தாலும் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் உடனே காட்டுங்கள். பயொப்சி ரிப்போட் வந்ததும் கடைசி இரண்டு வரியை இங்கே எழுதுங்கள், டொக்டரிடம் என்ன கேட்கலாம் என்று பார்ப்போம்.