மீட்டரில் 5 வோல்ட் வருகிறது, கேம் ஏன் நிற்கிறது?

கேள்வி: காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றைப் புதுச்சேரியில் 30,000 ரூபாய்க்கு வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் படம் கலைந்து, தானாக முதலிலிருந்து தொடங்கும். மெக்கானிக் பவர் சப்ளையில் மீட்டர் வைத்துப் பார்த்து, "5.02 வருது, சப்ளை நல்லாத்தான் இருக்கு, போர்டு போச்சு" என்கிறார். வேறு போர்டுக்கு 12,000 கேட்கிறார். வாங்கலாமா? விற்றவரிடம் பணம் கேட்க முடியுமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். மெக்கானிக் அளந்த இடம் சரியில்லை. 5 வோல்ட் சப்ளையில் இருந்தால் போதாது, போர்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தக் காலத்து ஐ.சி.க்களில் பெரும்பாலானவை 4.75-க்கும் 5.25-க்கும் இடையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். வயரும் கனெக்டரும் சேர்ந்து 0.1 ஓம் தடை காட்டினாலே, 3 ஆம்பியர் இழுக்கும் போர்டுக்கு 0.3 வோல்ட் குறைந்துவிடும். அங்கே 5.02 என்றால் இங்கே 4.72. நீங்கள் சொல்லும் கோளாறுக்கு இதுவே போதும்.

கேம் ஓடும்போதே, மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, போர்டின் விளிம்பு கனெக்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஜாமா (பல கம்பெனிப் போர்டுகளுக்கும் பொதுவான கனெக்டர் முறை) வகைப் போர்டு என்றால் கனெக்டரின் 1, 2-ஆம் கால்கள் கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பும் வழி. 3, 4-ல் 5 வோல்ட். 6-ல் 12 வோல்ட். அப்புறம், பலரும் விட்டுவிடும் ஒன்று: சப்ளையின் கிரவுண்டுக்கும் போர்டின் கிரவுண்டுக்கும் இடையில் அளக்க வேண்டும். கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வர வேண்டும். 0.2 காட்டினால் குற்றவாளி கறுப்பு நிறக் கிரவுண்ட் வயர்.

கடலோர உப்புக்காற்றில் கனெக்டரின் பித்தளை பச்சை பூத்துப்போவது நம் ஊரில் சகஜம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, போர்டின் விளிம்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தாலே பாதிக் கேஸ் சரியாகிவிடும். கனெக்டரின் கால் கருகியிருந்தால் கனெக்டரையே மாற்றச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் சப்ளையில் இருக்கும் சின்ன ஸ்குரூவைத் திருப்பி வோல்ட்டை ஏற்றுபவரிடம் ஜாக்கிரதை. பல சப்ளைகளில் 5 ஏறினால் 12-ம் கூடவே ஏறும். போர்டில் 5 சரியாக இருந்தும் கேம் நின்றால், சப்ளைக்குள் மேல் உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் புது சப்ளை போட்டுவிடுவதே லாபம். போர்டைச் சந்தேகிப்பது அதற்கும் அப்புறம்தான்.

ஒரு எச்சரிக்கை: சப்ளையில் 5 வோல்ட் வயர்களை முடுக்கியிருக்கும் அதே ஸ்குரூ வரிசையில்தான் 230 வோல்ட்டும் வருகிறது. பிக்சர் டியூப் அணைத்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

பணம்? தனிநபர் தன் வீட்டுப் பொருளை விற்றிருந்தால் நுகர்வோர் சட்டம் கைகொடுப்பது கஷ்டம். கடைக்காரர் என்றால், பில் இருந்தால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு. மெக்கானிக்கிடமும் "போர்டு மாற்றியும் சரியாகாவிட்டால் பணம் வாபஸ்" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் ஆளை மாற்றுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பெட்டி, 100 வோல்ட் என்று பின்னால் எழுதியிருக்கிறது. 110 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போதுமா?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: 10 சதவீதம் கூடுதல். நம் லைன் 240-க்கு ஏறும் நேரத்தில் அது 115-ஐ நெருங்கும். 100 வோல்ட் வெளியீடு உள்ளதையே கேட்டு வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸைப் போல இரண்டு மடங்கு திறன் இருக்கட்டும்.